யாரு பெத்த புள்ள என்று கேட்ட மரங்கள்

மாசி மாதம் இரண்டாவது வெள்ளிக்கிழமை சாயங்காலம், கிராம்பு மூட்டையை இறக்கிவிட்டுத் தோப்பு வழியாக வீட்டுக்கு வந்துகொண்டிருந்த என் வீட்டுக்காரர் சங்கரவேலுவை, அவரே தண்ணீர் ஊற்றி வளர்த்த துரியன் மரம் ஒன்று நிறுத்தி, "நீ யாரு பெத்த புள்ள?" என்று கேட்டது. அவரும் சந்தையில் யாரோ கேட்டதற்குச் சொல்வதுபோல, "சுடலைமுத்து பெத்த புள்ள, மேலத்தோப்பு" என்று பதில் சொன்னார். சொல்லி வாயை மூடுவதற்குள், அன்றைக்கு மலர்ந்திருந்த பூ அத்தனையும் பொலபொலவென்று அவர் தலையில் கொட்டியது. புளித்த பால் வாசனையோடு, காதிலும் சட்டைப் பையிலும் பூவோடு வீட்டுக்குள் வந்தவருக்கு, மரம் பேசியதில் ஒரு ஆச்சரியமும் இல்லை, கோபம்தான் இருந்தது. "நாப்பது வருசமா தண்ணி ஊத்துதேன், என்னையப் பாத்து நீ யாருன்னு கேக்கு பாத்தியாட்டி" என்றார். பிறகு குளிக்க வெந்நீர் போடச் சொன்னார்.

மறுநாள் சாயங்காலம் மற்ற நாற்பத்தோரு மரங்களும் கேட்டன.

தென்காசிக்கு மேற்கே மலை ஏறும் பாதையில், ஒரு நாளைக்கு இரண்டு பஸ் வரும் ஊர் மேலத்தோப்பு. அறுபது வீடு. அறுபதும் ஒரே ஆளின் வம்சம். எந்தக் கதவைத் தட்டினாலும் சித்தப்பாவோ மாமாவோ அத்தையோதான் திறப்பார்கள், பல வீடுகளில் ஒரே ஆள் ஒரு வழியில் மாமாவாகவும் இன்னொரு வழியில் சித்தப்பாவாகவும் இருப்பார், எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் பிள்ளைகள் முழிக்கும். பெண்ணை வெளியே கொடுப்பதும் இல்லை, வெளியிலிருந்து எடுப்பதும் இல்லை. பஸ்ஸை விட்டு யார் இறங்கினாலும் டீக்கடை வாசலிலேயே நிறுத்தி, "யாரு பெத்த புள்ள?" என்று கேட்போம். வருகிற பதிலைப் பொறுத்துத்தான் உட்காரப் பெஞ்சா, நிற்க இடமா, கண்ணாடி டம்ளரா, பேப்பர் கப்பா என்பதெல்லாம். அதனால் கேள்வி எங்களுடையதுதான். மரம் அதை எங்களிடமிருந்துதான் கற்றுக்கொண்டிருக்க வேண்டும். ஒரே ஒரு வித்தியாசம், எங்கள் ஆள் என்று தெரிந்தால் நாங்கள் உள்ளே கூப்பிடுவோம், மரம் பூவை உதறிவிடும்.

ஊர் ஒரு வாரத்தில் பழகிக்கொண்டது. எதற்குத்தான் பழகவில்லை. சாயங்காலம் நாலு மணிக்குப் பூ விரியும், விரிந்ததும் மரம் கேட்க ஆரம்பிக்கும், அதனால் நாலு மணிக்கு மேல் தோப்புக்குள் போகிறவர்கள் குடை எடுத்துக்கொண்டார்கள். பதில் சொல்லாமல் போனால் மரம் திரும்பத் திரும்பக் கேட்டது, காது வலித்தது, அதனால் பதிலைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு ஓடினார்கள். பொய் சொல்லிப் பார்த்தார்கள். ஊர்த்தலைவரான என் சித்தப்பா பலவேசம், குளித்துத் திருநீறு பூசி நடுமரத்தடியில் போய் நின்று, தன்னைப் பெத்தவர் பெயரை மாற்றி, பாபநாசத்தில் யாரோ ஒரு பண்ணையாரின் பிள்ளை என்று சொல்லிப் பார்த்தார். பூ மட்டுமில்லாமல் மொட்டும் சேர்ந்து கொட்டியது. கோவிலில் பூசை வைத்தோம், மரத்துக்கு மஞ்சள் துணி கட்டினோம், மந்திரம் தெரிந்த ஒருவரைப் பாவூரிலிருந்து கூட்டிவந்தோம், மரம் அவரிடமும் யாரு பெத்த புள்ள என்று கேட்டது, அவர் கடுப்பாகி அடுத்த பஸ்ஸிலேயே மலை இறங்கிப் போனார். விடிந்தால் அறுபது வீட்டுப் பெண்களும் துடைப்பத்தோடு தோப்பில் நின்றோம். அந்தச் சர் சர் சத்தம்தான் எங்கள் ஊருக்குக் காலை.

ஒன்று கண்டுபிடித்தோம். எங்கள் ஆட்கள் சொன்னால் பூ அப்போதே உதிர்ந்தது. மீன் கொண்டுவரும் ரோசம்மாள் சொன்னபோது உதிரவில்லை, மூன்று நாள் கிளையில் இருந்து, நாங்கள் எல்லாரும் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்து, காய் பிடித்துவிட்டது என்று பலவேசம் சித்தப்பா பாயசம் வைக்கச் சொன்ன பிறகு, நாலாம் நாள் உதிர்ந்தது. படம் பிடிக்க வந்த டிவிக்காரர்களுக்கும் அப்படித்தான், மூன்று நாள். மரத்துக்கு ரொம்பச் சொந்தமும் ஒத்துவரவில்லை, ரொம்ப அந்நியமும் ஒத்துவரவில்லை. இதற்கு நடுவில் ஐம்பது வயது அய்யாக்குட்டி, எங்கள் ஊரிலேயே பிறந்து எங்கள் ஊரிலேயே பெண் கட்டியவர், தன் அய்யா பெயரைச் சொன்னபோது, பொய்க்குக் கொட்டுவதுபோலப் பூவோடு மொட்டும் சேர்ந்து கொட்டியது. ஊரே நின்று பார்த்தது. மறுநாள் காலையில் அவருடைய அம்மா, எழுபத்தைந்து வயது மனுஷி, இரண்டு சேலையைச் சுருட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் ஏறிப் போனாள். போகாதே என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை, எனக்கும்தான்.

கேள்விப்பட்டு வேளாண்மைக் கல்லூரியிலிருந்து ஜெசிந்தா டீச்சர் என்று ஒருவர் வந்தார். டீக்கடை வாசலில் பேப்பர் கப்பை வாங்கிக்கொண்டு, தோப்பைச் சுற்றி வந்து, பட்டையைத் தட்டி, இலையைக் கிள்ளிப் பார்த்து, "இதெல்லாம் எங்கேர்ந்து வந்த கன்னுங்க?" என்று கேட்டார். என் அய்யா ஆண்டபெருமாள் கட்டிய ஒட்டு என்று பெருமையோடு சொன்னோம். அந்தக் காலத்தில் ஊர் நடுவில் ஒரு துரியன் இருந்தது, அதன் பழம் போல் இனிப்பு எங்கேயும் கிடையாது, அந்த இனிப்பில் வேறு எதுவும் கலந்துவிடக் கூடாது என்று அய்யா விதை போடாமல் அதன் கிளையையே வெட்டி வெட்டி ஒட்டுக் கட்டி நாற்பத்திரண்டு மரமாக்கினார்.

"அப்ப இது நாப்பத்திரண்டு மரம் இல்லைங்க" என்றார் டீச்சர். "ஒரே மரம். நாப்பத்திரண்டு உடம்பு. இந்தப் பூவுக்குத் தன் மகரந்தத் தூளைத் தெரியும். தொட்டதுமே தெரிஞ்சுக்கும். தெரிஞ்சா ஏத்துக்காது, உதுத்துடும். வௌவால் இந்த மரத்துத் தூளை அந்த மரத்துக்குக் கொண்டுபோனாலும் தன்னைத் தனக்கே கொண்டுபோன மாதிரிதான். முன்னாடி காய்ச்சதுன்னு சொல்றீங்களே, அப்ப பக்கத்துல வேற துரியன் மரம் ஏதாவது இருந்ததா?"

எல்லாருடைய கண்ணும் பள்ளத்துக்குப் போனது. அங்கே இப்போது கிராம்பு நிற்கிறது.

"இருந்துச்சு" என்றார் என் வீட்டுக்காரர். "பிஞ்சுல வெம்புற சாதி. கொட்டைதான் பெருசு, சுளையே கிடையாது. வெட்டிட்டோம்."

அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். பள்ளத்தில் கீழத்தோப்பு என்று இருபது குடிசை இருந்தது. எங்கள் வேலைக்கு வந்தவர்கள், எங்கள் ஆட்கள் இல்லை. அவர்கள் குடிசைக்குப் பக்கத்தில், நாங்கள் தின்று துப்பிய கொட்டையும் காட்டிலிருந்து வந்த கொட்டையும் முளைத்து ஏழெட்டுத் துரியன் தானாக நின்றது. அந்த மரங்களை நாங்கள் மரம் என்றே நினைத்ததில்லை. என் அக்கா சண்முகவடிவுக்கு இருபது வயது, எனக்குப் பதினேழு. எங்கள் அம்மாவின் கடைசித் தம்பி சங்கரவேலு மாமாவுக்கு அவளை நிச்சயம் பண்ணியிருந்தது. கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது அவள் கீழத்தோப்பு மாசானத்தோடு போய்விட்டாள். மறுநாள் எங்கள் ஆட்கள் பள்ளத்தில் இறங்கினார்கள். இருபது குடிசையும் எரிந்தது, அவர்கள் கிடைத்த பக்கம் ஓடினார்கள், அந்த ஏழெட்டு மரத்தையும் ரம்பம் போட்டு அறுத்து அடுக்கினார்கள். ஒன்பதாம் நாள் அதே பந்தலில், அதே கூறைச் சேலையில், அக்காவுக்குப் பதிலாக என்னை உட்கார வைத்தார்கள்.

அதற்குப் பிறகு எங்கள் மரங்கள் காய்க்கவில்லை. எனக்கும் பிள்ளை நிற்கவில்லை. மூன்று பெற்றேன். ஒன்று அழவே இல்லை, ஒன்று ஆறு நாள், ஒன்றுக்குப் பெயர் வைக்கும் வரை இருந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, மாமாவையே கட்டியிருக்கிறீர்களா என்று கேட்டு, ஆமாம் என்றதும் பேனாவை மூடி வைத்தார். ஊரிலும் அப்படித்தான். கடைசிப் பிள்ளை பிறந்து ஒன்பது வருடம் ஆகிறது, பள்ளிக்கூடத்தைப் பூட்டியாயிற்று. முன்னே எங்கள் துரியனைத் தின்றால் பிள்ளை பிறக்கும் என்று சாரல் காலத்தில் சேலத்திலிருந்தும் திருச்சியிலிருந்தும் வேன் வேனாகப் புருஷன் பெண்டாட்டியாக வருவார்கள், திரும்ப அடுத்த வருடம் கைப்பிள்ளையோடு வந்து மரத்தைத் தொட்டுக் கும்பிடுவார்கள். நான் சின்னப் பெண்ணாக அந்தக் குழந்தைகளை வாங்கி வைத்துக்கொண்டு திருப்பித் தர மாட்டேன் என்பேன். நாற்பது வயதில் எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு பழம். மரம் காய்த்தால் எனக்கும் நிற்கும் என்று நம்பினேன். நம்புவதற்கு வேறு என்ன இருந்தது?

டீச்சர் போன பிறகு, கீழத்தோப்பு ஆட்கள் எங்கே இருக்கிறார்கள் என்று விசாரிக்கலாமா என்று யாரோ மெதுவாகக் கேட்டார்கள். "அவனுவ வந்து நின்னாத்தான் நம்ம மரம் காய்க்கும்னா, அது காய்க்கவே வேண்டாம்லே" என்றார் பலவேசம் சித்தப்பா. எல்லாரும் சத்தமாகச் சரி என்றோம். அந்த வருடப் பூவைக் கூட்டிப் பள்ளத்தில் கொட்டினோம்.

அடுத்த மாசியில், மத்தியான பஸ்ஸில் ஒரு பையன் வந்தான். டீக்கடையில் ஆள் இல்லாத நேரம். நேராக எங்கள் வீட்டுக்கு வந்து வாசலில் செருப்பைக் கழற்றி, "தண்ணி கெடைக்குங்களா?" என்று கேட்டான். சொம்பைக் கொடுத்தேன். குடிக்கவில்லை, கையில் வைத்துக்கொண்டு, "நீங்க பிரமாச்சி சித்திதானுங்களே?" என்றான்.

அக்காவின் நெற்றி. அக்காவின் மூக்கு. சொம்பைப் பிடித்திருந்த விரல்கூட அவளுடையது. வாயைப் பொத்திக்கொண்டு அவனை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினேன்.

பெயர் தென்னரசு. இருபத்திரண்டு வயது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் மிஷின் ரிப்பேர் பார்க்கிறான். மாசானம் போன கார்த்திகையில் மாரடைப்பில் போய்விட்டார். எரித்த சாம்பலில் ஒரு கைப்பிடி, தன் ஊர் ஓடையில் கரைய வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். "அம்மா வேண்டாம்னுட்டாங்க. கொன்னுபோடுவாங்கன்னாங்க. நான் கம்பெனி வேலைன்னு சொல்லிட்டு வந்தனுங்க" என்று சிரித்தான். பையில் ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா இருந்தது.

"மூணு மணி பஸ்ல ஏறிப் போயிரு ராசா" என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன சொன்னேன்? "சாப்பிட்டியாய்யா?" என்றேன். சாப்பிட்டதும் ஓடைக்குப் பின்பக்கமாகக் கூட்டிப்போனேன், டப்பாவைக் கவிழ்த்தான், திரும்பி வரும்போது பஸ் போயிருந்தது. நாளைக்குப் போகலாம் என்றேன். மறுநாளும் அதையே சொன்னேன். டவுன் கடையிலிருந்து மோட்டார் ரிப்பேர் பார்க்க வந்த பையன் என்று ஊரில் சொன்னேன், சங்கரன்கோவில் பக்கம் முத்தையா பெத்த புள்ள என்று சொல்ல அவனுக்குப் பழக்கினேன். எல்லா வீட்டிலும் மோட்டார் ரிப்பேராகத்தான் இருந்தது. பத்தொன்பது நாள் இருந்தான். பலவேசம் சித்தப்பாவின் மோட்டாரை ஓட வைத்தபோது அவர், "கைக்காரன்லே நீ" என்று முதுகில் தட்டினார். மரம் கேட்கும்போது முத்தையா பெயரைச் சொல்வான், பொய் என்பதால் பூவும் மொட்டும் அப்போதே கொட்டும். அய்யாக்குட்டி விஷயத்துக்குப் பிறகு ஊருக்கு இதெல்லாம் வேடிக்கையாகிவிட்டது. "அப்பன் வேற ஆளு போல, பாவம் பயலுக்கே தெரியல" என்று சிரித்தார்கள். அவனும் தலையிலிருந்த பூவைத் தட்டிவிட்டுக்கொண்டு சிரித்தான்.

எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அவன் வாயில் உண்மை இருக்கிறது. அந்த உண்மையைச் சொன்னால் பூ நிற்கும். பாதி எங்கள் வீடு, பாதி கீழத்தோப்பு, ரொம்பச் சொந்தமும் இல்லை, ரொம்ப அந்நியமும் இல்லை. சோறு போடும்போதெல்லாம் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். கூடப் பிறந்த அக்காவின் பிள்ளையை அப்படிப் பார்க்கலாமா? பார்த்தேன்.

இருபதாம் நாள் காலை பஸ்ஸில் அவன் போவதாக இருந்தது. முந்தின நாள் சாயங்காலம், மாமா டவுனுக்குப் போயிருந்த நேரம், எங்கள் வீட்டுக்குப் பின்னால் தனியாக நிற்கும் மரத்தைக் காட்டிச் சொன்னேன்.

"ஏ ராசா, இந்த ஒத்த மரத்துக்கு மட்டும் சொல்லேன். மெதுவா. யாருக்கும் கேக்காது."

"எதுக்குங்க சித்தி?"

"ஒரு பழம். எனக்கு ஒரே ஒரு பழம் போதும்யா."

என் மூன்று பிள்ளைகளைப் பற்றி அவனிடம் சொல்லியிருந்தேன். "உங்களுக்குப் பொறந்தா அது எனக்குத் தம்பிங்களா, தங்கச்சிங்களா?" என்று கேட்டான். எதுவானாலும் சரி என்றேன். மரத்தடிக்குப் போனான். மரம் கேட்டது. அவன் பட்டையில் கையை வைத்து, யாரோ தூங்குகிறவர்களின் காதில் சொல்வதுபோலக் குனிந்து, "சண்முகவடிவு பெத்த புள்ள. மாசானம் பெத்த புள்ள" என்றான்.

ஒரு பூ விழவில்லை. இன்னொரு முறை மரம் கேட்கவும் இல்லை.

நான் அழுதேன். அவனைக் கட்டிக்கொண்டு அழுதேன். அந்த நேரத்தில், இத்தனை படித்த டீச்சர் வந்து எங்கள் எல்லாருக்கும் நடுவில் நின்று வாய் வலிக்கச் சொன்னது எனக்கு ஞாபகமே வரவில்லை. நாற்பத்திரண்டு மரம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். பிறந்ததிலிருந்து எண்ணிப் பழகிவிட்டோம் இல்லையா.

விடிந்தபோது சர் சர் சத்தம் இல்லை. கதவைத் திறந்தேன். அறுபது வீட்டுப் பெண்களும் தோப்பில் துடைப்பத்தோடு நின்றார்கள், கூட்டுவதற்கு ஒரு பூக்கூட இல்லை. மேட்டு முனையிலிருந்து பள்ளத்து ஓரம் வரை, நாற்பத்திரண்டு மரத்திலும் பூ அப்படியே இருந்தது. ஒன்றிடம் சொன்னது எல்லாவற்றுக்கும் கேட்டுவிட்டது. ஊர் அண்ணாந்து பார்த்தது, பிறகு ஒவ்வொருவராகத் தலையைத் தாழ்த்தி என் வீட்டைப் பார்த்தார்கள். முன் தினம் சாயங்காலம் ஊரில் இருந்த வெளியாள் ஒருவன்தான். அவன் முகத்திலிருந்த அக்காவின் நெற்றியும் மூக்கும் அப்போதுதான் அவர்களுக்கும் புரிந்திருக்க வேண்டும்.

கத்துவார்கள், அடிப்பார்கள் என்று நினைத்தேன். யாரும் கத்தவில்லை. பலவேசம் சித்தப்பா நல்ல வேட்டி கட்டி, சிரித்த முகத்தோடு வந்தார். கூடவே காலை பஸ்ஸில் வந்து இறங்கிய என் மாமா, கூட இன்னொரு பெரியப்பா மகன். "ஏ தம்பி, எங்க ஊருக்கு வந்துட்டு மேல் அருவியப் பாக்காமப் போனா எப்படி? மூணு மணி வண்டிக்குப் போவலாம், வா" என்றார்கள்.

பங்குனி பிறக்கப்போகிற நேரம். மேல் அருவியில் பாறை நனைகிற அளவுகூடத் தண்ணீர் இருக்காது. அது எனக்குத் தெரியும், ஊரில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்கும் தெரியும். அவனுக்குத் தெரியாது. அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான், போகட்டுமா என்று. என் வாய்க்குள் வார்த்தை இருந்தது. மாமா என்னைப் பார்த்து, "சோத்தக் கட்டுட்டி, நாலு பேருக்கு" என்றார். புளிச்சோறு நான்கு பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். "வாரேன் சித்தி" என்றான்.

மத்தியானம் மூன்று பேர் வந்தார்கள். வேட்டி சட்டையெல்லாம் துவைத்து ஈரமாக உடுத்தியிருந்தார்கள். பையன் அந்தப் பக்கமாகவே கேரளாவுக்கு இறங்கிப் போய்விட்டான் என்று பலவேசம் சித்தப்பா டீக்கடையில் சொன்னார், ஊரே அதைத் திருப்பிச் சொல்லிப் பழகிக்கொண்டது. ஒரு பொட்டலம் பிரிக்காமல் திரும்பி வந்தது. மாமா சாப்பிட உட்கார்ந்து, ரசம் இன்னும் கொஞ்சம் ஊற்று என்றார். ஊற்றினேன். இதை வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை, ஊற்றினேன் அவ்வளவுதான்.

ஆனி பிறந்து சாரல் விழுந்தபோது கிளை முறிகிற அளவுக்குக் காய்த்திருந்தது. அப்படி ஒரு காய்ப்பை அய்யா காலத்திலும் பார்த்ததில்லை என்றார்கள். ஊர் கூடிப் பேசியது. பேச்செல்லாம் பழத்தைப் பற்றி இல்லை, கொட்டையைப் பற்றி. சுளை நம் மரத்துச் சுளை, அதைத் தின்னலாம், விற்கலாம், ஆனால் உள்ளே இருக்கும் கொட்டை யார் கொட்டை? அது முளைத்தால் பாதி அவன்தானே? ஒரு மணி நேரத்தில் முடிவாகிவிட்டது. பழம் வாங்குகிறவர்கள் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து தின்ன வேண்டும், கொட்டையை எண்ணித் திருப்பிக் கொடுக்க வேண்டும், கொட்டையைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டுவிட வேண்டும். கோவில் அண்டாவைக் கொண்டுவந்து எங்கள் வீட்டு வாசலில் அடுப்பு மூட்டினார்கள். அண்டா முன்னால் என்னை உட்கார வைத்தார்கள். எண்ணுவதை மாமா பக்கத்து நாற்காலியில் இருந்து பார்த்துக்கொண்டார்.

முதல் பழத்தை மாமா எனக்குத்தான் உடைத்துக் கொடுத்தார். பெரிய மனது. அதைத் தொடாமல் எழுந்து போனேன் என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. தின்றேன். இனித்தது. விரலை நக்கினேன். கொட்டையை நானே அண்டாவில் போட்டேன். மாதம் தவறாமல் எனக்குத் தூரம் வந்துகொண்டிருந்தது, பிறகு அதுவும் நின்றது, பிள்ளையால் இல்லை.

வேன்கள் மறுபடி வர ஆரம்பித்தன. ஆடி மாதம் ஒரு மழைநாளில், கல்யாணமாகிப் பத்து வருடம் ஆனவர்கள், பதினைந்து வருடம் ஆனவர்கள் என்று வரிசையாகக் குடை பிடித்து நின்றவர்களில், துணையில்லாமல் ஒருத்தி நின்றாள். தலை முக்கால்வாசி நரைத்திருந்தது. தன் முறை வந்ததும் என் முன்னால் உட்கார்ந்தாள். இருபத்து மூன்று வருடம் ஆகியும் எனக்கு ஒரு நொடி தேவைப்படவில்லை. மாமா செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவருக்கு அடையாளம் தெரியவில்லை, கட்டிக்கொள்ள இருந்தவளைத் தெரியவில்லை.

"எம் மவன் இங்க வந்தானாட்டி?" என்று அக்கா தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"இல்லக்கா" என்றேன். "யாரும் வரலை."

அவள் தலையைத் தூக்கி மரங்களைப் பார்த்தாள். ஒவ்வொரு மரமாகப் பார்த்துக்கொண்டே போனாள். பூ இருந்திருந்தால் என் பொய்க்கு மலையே வெள்ளையாகியிருக்கும். பூக்காலம் முடிந்துவிட்டது, மரங்கள் காயைச் சுமந்துகொண்டு பேசாமல் நின்றன.

"அஞ்சு மாசமா தேடுதேன். போலீசுக்குப் போனேன், ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாப் போனேன். போன வாரம் போன்ல மேலத்தோப்புல துரியன் காய்ச்சிருக்குன்னு படம் போட்டிருந்தான்" என்றாள். "மரம் கேக்கத முன்னயே டிவியில பாத்திருக்கேன், படத்தப் பாத்ததும் தெரிஞ்சுபோச்சு. அவன் வாய் தொறக்காம எப்படிட்டி இது காய்ச்சுது?"

"இந்த வருசம் மழ நல்லாக் கெடைச்சுதுக்கா."

அக்கா என்னைப் பார்த்தாள். ஏசுவாள் என்று காத்திருந்தேன், மயிரைப் பிடித்து இழுத்து அடிப்பாள் என்று காத்திருந்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஒரு பழம் குடு" என்றாள். உடைத்து வைத்தேன். ஒவ்வொரு சுளையாக எடுத்து, அவசரமில்லாமல், கொட்டையில் ஒரு நார் மிச்சமில்லாமல் சப்பித் தின்றாள். மழையும் கண்ணீரும் மூக்குநீரும் எல்லாம் ஒன்றாக வழிந்தது. துடைக்கவில்லை. கழுவியதுபோல வெளுப்பாக ஐந்து கொட்டையை மடியில் வரிசையாக வைத்தாள். பிறகு நாலைத் தட்டில் போட்டுவிட்டு, ஐந்தாவதை என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள். அவள் வாய்ச் சூடு அதில் இன்னும் இருந்தது.

"இது அவன்தானட்டி" என்றாள். "இது ஒண்ண மட்டும் விட்டுரு. நான் கொண்டுபோயி எங்கயாவது வச்சுக்கிடுதேன். ஒன்னையக் கையெடுத்துக் கும்பிடுதேன் பிரமாச்சி."

மாமா செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல், "எத்தனை?" என்று கேட்டார்.

"அஞ்சு" என்றேன்.

ஐந்தையும் அண்டாவில் போட்டேன். தண்ணீர் கொஞ்சம் அடங்கி, திரும்பக் கொதித்தது. அக்கா எழுந்து பஸ் நிற்கும் பக்கமாக மழையில் நடந்து போனாள், நான் அடுத்த ஆளை வந்து உட்காரச் சொன்னேன்.